பங்களா இஞ்சி பட்டுப்போகும்வரை

ஒரு பூவைப் பார்த்து வாடிப்போச்சு என்று என் முன்னால் யாராவது சொன்னால் இந்த வயதிலும் நான் சண்டைக்கு நிற்பேன். மருமகளுக்கு இது தெரியும். பூச்சாடியில் இருப்பதை எடுத்து எறிவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவாள். கிழவிக்குக் கிறுக்கு என்று மனதுக்குள் நினைத்துக்கொள்வாளாக இருக்கும். நினைக்கட்டும். ஏழு இஞ்சிப்பூத் தண்டுகளை வைத்துக்கொண்டு நான்கு ஞாயிறு ஒரு சபைக் கமிட்டியோடு மல்லுக்கு நின்றவள் நான். அந்தக் கிறுக்கு அவ்வளவு சீக்கிரம் போகாது.

எங்கள் கோயில், பாறசாலையில் இப்போது ரயில் நிலையம் இருக்கிற பக்கத்திலிருந்து நடந்து போகிற தூரம்தான். அப்போது ரயில் கிடையாது. மிஷன் காலத்தில் கட்டிய வேதக்கோயில், உயரமான ஓட்டுக்கூரை, பீடத்துக்கு இரண்டு பக்கமும் மரக்கம்பி போட்ட ஜன்னல்கள். ஆராதனையில் பிரசங்கம் மலையாளத்தில் நடக்கும், பாட்டு தமிழில் நடக்கும், அறிவிப்பு இரண்டிலும் கலந்து வரும். யாரும் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. சாப்பிடும்போது வலது கையா இடது கையா என்று யாராவது யோசிப்பார்களா?

எல்லைப் போராட்டம் வந்த பிறகுதான் எல்லாவற்றையும் யோசிக்க வேண்டியதாயிற்று. எங்கள் ஊர் இருக்கிற நெய்யாற்றின்கரைத் தாலுகாவும் தெற்கே தமிழ்ப் பக்கத்தோடு சேரும் என்று எங்களில் பல பேர் நம்பியிருந்தோம். ஐம்பத்தாறில் எல்லை போட்டபோது விளவங்கோடு அந்தப் பக்கம் போயிற்று, நாங்கள் இந்தப் பக்கமே, கேரளத்தில், நின்றுவிட்டோம். என் தாய்வீடு களியிக்காவிளைக்கு அப்பால், நடந்தால் ஒரு மணி நேரம். ஒருநாள் காலையில் என் அம்மா ஒரு மாநிலத்திலும் நான் இன்னொரு மாநிலத்திலும் விழித்தோம். மலையாளத்தோடு எனக்கு ஒரு பிணக்கும் இல்லை. கனவுகூடப் பாதி மலையாளத்தில்தான் காண்கிறேன். ஆனால் இனிமேல் இதை மட்டும்தான் பேசவேண்டும் என்று ஒருவர் சொன்னால் என் நாக்கு உடனே மற்றதற்குத் தாவும். அது என் பிறவிக் குணம்.

என் வீட்டுக்காரர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். போராட்ட ஊர்வலம் ஒன்றில் போய் வலது கையில் தடியடி பட்டு, இரண்டு விரல்கள் சரியாக மடங்காமல் போய்விட்டன. எல்லை போட்ட பிறகு அவருடைய தமிழ் வகுப்பும் நின்றது. சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு மட்டும் மலையாளத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டு வருவார். வீட்டில் பேச்சு அடங்கிப்போயிற்று. கேட்டால் பதில், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் பாட்டைத் தொடங்கும்போது மட்டும் அவருடைய பழைய குரல் வெளியே வரும். வாரத்தில் அந்த ஐந்து நிமிடம்தான் நான் கலியாணம் செய்த ஆளை எனக்குக் காண முடிந்தது. அந்தப் பாட்டும் போய்விட்டால் இந்த மனுஷன் ஒரேயடியாக ஊமையாகிவிடுவார் என்று நான் உண்மையாகவே பயந்தேன்.

அந்தப் பாட்டைத்தான் நிறுத்தப் பார்த்தார் எங்கள் மாமா. மாமா என்றால் என் வீட்டுக்காரரின் அம்மாவுக்குத் தம்பி. சபையின் செக்ரட்டரியும் அவர்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை வாய் நிறைய மக்கா என்று கூப்பிட்டவர், எல்லை போட்ட மறு வாரம் மலையாளத்தில் மோளே என்று கூப்பிட ஆரம்பித்தார். அவருடைய மகன் திருவனந்தபுரத்தில் சர்க்கார் வேலைக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தான். தமிழ்க் கோயில் என்று எங்கள் கோயிலின் பேர் எங்காவது எழுதப்பட்டுவிட்டால் அது பையனுடைய வேலையைக் கெடுக்கும் என்று மாமாவுக்கு உள்ளூர நடுக்கம். இதை இன்று நியாயமாகச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு நியாயம் எதுவும் தோன்றவில்லை, எரிச்சல்தான் வந்தது.

ஆராதனை முழுவதும் மலையாளத்தில் நடக்கட்டும், தமிழ்ப் பாட்டுப் புத்தகங்களைப் பெட்டியில் கட்டி எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சபை ஒன்றுக்குக் கொடுத்துவிடலாம் என்று மாமா கமிட்டியில் சொன்னார். போதகர் யாரையும் பகைக்கத் தெரியாத மனுஷர். அவர் ஒரு நடுவழி கண்டுபிடித்தார். பீடத்தில் பூ வைக்கிற குடும்பம் முதல் பாட்டைத் தெரிந்தெடுப்பது எங்கள் சபையின் பழைய வழக்கம். அதில் கை வைக்க வேண்டாம். ஆண்டுக் கூட்டத்துக்கு முந்தின நான்கு ஞாயிறும் பார்ப்போம். நான்கிலும் தமிழ்ப் பாட்டு கேட்டால் புத்தகம் இங்கேயே இருக்கட்டும், ஒரு ஞாயிறு விட்டுப்போனாலும் பெட்டி கட்டலாம் என்றார். மாமா உடனே சம்மதித்தார். பூ வைக்கிற முறைப் பட்டியல் அவர் கையில்தான் இருந்தது. அந்த நான்கில் முதல் ஞாயிறு என் மாமனார் இறந்த நாளை ஒட்டி எப்போதும் எங்களுக்கு உள்ளது, அதை அவரால் மாற்ற முடியாது. மற்ற மூன்று ஞாயிறும் அவர் சொன்னால் தட்டாத மூன்று குடும்பங்களுக்குப் போயிருந்தன.

ஆனால் மாமாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். சபையின் பழைய நடவடிக்கைப் புத்தகம் தமிழில் இருந்தது. அதை மலையாளத்தில் பெயர்த்து எழுதித் தரும் வேலையைக் கமிட்டி என் வீட்டுக்காரரிடமே கொடுத்திருந்தது. யாருக்கு இந்த யோசனை வந்ததோ, அவருக்கு நல்ல மனசு என்று சொல்லமாட்டேன். விரல் வலியால் அவருக்குப் புத்தகத்தையும் பேனாவையும் சேர்த்துச் சமாளிக்க முடியாது. அதனால் நான் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாக வாசிப்பேன், அவர் எழுதுவார். அதில் மிஷன் பங்களாவில் குடியிருந்த ஒரு துரைசானியின் காலத்து விதி ஒன்று வந்தது. அந்த அம்மாளுக்கு எதையும் வீணாக்குவது பிடிக்காது போலிருக்கிறது. 'பீடத்தில் வைத்த பூவை அது பட்டுப்போகும்வரை எடுக்கலாகாது. அந்தப் பூ இருக்கும்வரை அதை வைத்தவரே முதற்பாட்டைத் தெரிந்தெடுப்பார்.' மல்லிகையும் ரோசாவும் வைக்கிற சபையில் அடுத்த சனிக்கிழமைக்குள் பூ சருகாகிவிடும். அதனால் அந்த விதியை ஞாபகம் வைத்திருக்க யாருக்கும் அவசியம் வந்ததில்லை. எனக்கு அன்று அவசியம் வந்தது.

எங்கள் வீட்டுக் கிணற்றடியில் பங்களா இஞ்சி ஒரு புதர் நின்றது. சமையல் இஞ்சியின் ஜாதிதான், ஆனால் வாசனை இல்லை, ருசியும் இல்லை. ஆள் உயரத் தண்டின் நுனியில் சிவப்பு மடல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும். அதே துரைசானிதான் எங்கோ கடல் நடுவில் ஒரு தீவில் ஊழியம் செய்த உறவினரிடமிருந்து கிழங்கு வரவழைத்து நட்டாளாம். பங்களாவிலிருந்து வந்ததால் எங்கள் பக்கத்தில் அதற்கு அந்தப் பேர். பார்வைக்கு முரட்டுப் பூ. கோயிலுக்கு ஆகாது, மெழுகில் செய்தது போல இருக்கிறது என்று பெண்கள் சொல்வார்கள். எனக்கு அதைப் பிடிக்கும். பறித்தால் செத்துவிடுகிற பூ அல்ல அது. அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தால் மூன்று வாரம் நிற்கும்.

பார்க்கத் தெரிவது சும்மா வரவில்லை. முதல் தடவை வெயில் ஏறிய பிறகு வெட்டினேன், மத்தியானத்துக்குள் தலை தொங்கிவிட்டது. அடுத்த தடவை சிவப்பு அழகாக இருக்கிறதே என்று இளம் தலைகளாக வெட்டினேன். அவை வெட்டிய பிறகு மேற்கொண்டு விரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. பிறகு எறும்பு. மடலுக்குள் குடியிருந்த எறும்பெல்லாம் நடு ஆராதனையில் பீடத்து வெள்ளைத் துணிமேல் ஊர்வலம் போயின. ஊர்வலம் என்ற வார்த்தைக்கே எல்லாரும் பயந்திருந்த காலம் அது. போதகர் ஜெபத்தை நிறுத்திவிட்டுத் துணியைத் தட்டினார்.

எங்கள் ஞாயிறு மகர மாதத்தில், அதாவது தையில், வந்தது. சனிக்கிழமை விடியும் நேரத்தில் பிச்சாத்தியைக் கல்லில் தீட்டி எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். கத்தி மழுங்கியிருந்தால் தண்டு நசுங்கும், நசுங்கிய தண்டு தண்ணீர் குடிக்காது. மடல் முக்கால்வாசி விரிந்து, தொட்டால் விறைப்பாக இருக்கும் முதிர்ந்த தலைகளாகப் பார்த்து ஏழு வெட்டினேன். கை நீளத்துக்குமேல் தண்டு விட்டேன். வெட்டிய கையோடு தலைகீழாக அண்டாத் தண்ணீரில் முக்கி வைத்தேன். அரை மணி நேரத்தில் எறும்பெல்லாம் மிதந்தது, மடல்களும் வயிறு நிறையக் குடித்தன. இந்தப் பூ தண்டு வழியாகக் குடிப்பது கொஞ்சம்தான், மேலே நனைத்தால்தான் அதற்குத் திருப்தி. இலைகளை எல்லாம் உரித்தேன். கோயிலின் பித்தளைச் சாடியைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். வழுவழுப்பு ஒரு பொட்டு இருந்தாலும் தண்டு அழுக ஆரம்பிக்கும்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் நான் கோயிலுக்குப் போனேன். தண்ணீர் மாற்றுவேன். தண்டின் அடியில் ஒரு விரற்கடை, தண்ணீருக்குள் வைத்தே சரிவாக நறுக்குவேன். மடலுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிற சின்ன வெள்ளைப் பூக்களை எடுத்துவிடுவேன், அவை அழுகினால் மடலும் கெடும். ரொம்ப முதிர்ந்த தலையில் சில சமயம் மடலுக்குள்ளே பச்சையாக ஒரு முளை வரும். அது பூவின் சத்தை இழுத்துவிடும், அதனால் கண்டவுடன் கிள்ளிப் போடுவேன். கடைசியாகக் கையால் தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் மூடி, ஜன்னலைச் சாத்திவிட்டு வருவேன். மகர மாதத்துக் காற்று உதட்டையே வெடிக்க வைக்கும், பூவைச் சும்மா விடுமா?

முதல் ஞாயிறு ஒரு தொல்லையும் இல்லை. நான் தமிழ்ப் பாட்டின் எண்ணைச் சொன்னேன், என் வீட்டுக்காரர் பாட்டைத் தொடங்கினார், சபை எழுந்து நின்று பாடியது. மாமா வாயை மூடிக்கொண்டு நின்றார். அடுத்த சனிக்கிழமை சாயங்காலம், பட்டியலில் அடுத்த முறைக்காரி கூடை நிறைய ரோசாப்பூவோடு வந்து பீடத்தின் முன் திகைத்து நின்றாள்.

"அக்கா, உங்க பூ இன்னும் நிக்குதே" என்றாள்.

"நிக்கட்டு. நீ ரோசாவை வீட்டுல கொண்டு வையி, பிள்ளையளுக்குத் தலையில வைக்கலாம்" என்றேன்.

அவள் போய் மாமாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நான் விதியைச் சொன்னேன். மாமா நம்பவில்லை. அலமாரியைத் திறந்து, என் வீட்டுக்காரர் எழுதிக்கொடுத்த மலையாளப் பிரதியை எடுத்துப் புரட்டினார். அவர் முகம் மாறியதிலிருந்து விதி அகப்பட்டுவிட்டது என்று தெரிந்தது. "வாடும் வரை எடுக்கருது" என்று சத்தமாக வாசித்தார். எனக்கு அந்த வார்த்தை லேசாக உறுத்தியது. பழைய புத்தகத்தில் நான் வாசித்தது அது இல்லையே என்று பட்டது. ஆனால் ஏழு பூவும் வெட்டிய அன்றுபோல நின்றன, எந்த வார்த்தையானாலும் அன்று ஜெயம் எனக்குத்தான். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தத் தவறு நான் செய்தது.

"ஒண்ணும் வாடல்லியே மாமா" என்றேன்.

"சரி மோளே" என்று பிரதியை மூடினார். அந்த மோளேயில் பல் கடிக்கிற சத்தம் கேட்டது.

இரண்டாம் ஞாயிறும் தமிழில் பாடினோம். அதற்குப் பிறகு யுத்தம் நேரடியாக ஆரம்பித்தது. நான் சாத்திவிட்டு வந்த ஜன்னலை மாமா திறந்து வைப்பார். கோயிலுக்குக் காற்றோட்டம் வேண்டுமாம். மிஷன் காலத்திலிருந்து அந்தக் கோயில் காற்றோட்டம் இல்லாமல் மூச்சு முட்டிக்கொண்டா இருந்தது? நான் போய்ச் சாத்துவேன், அவர் வந்து திறப்பார். ஒருநாள் இரண்டு பேரும் ஒரே ஜன்னலின் இரண்டு கதவுகளைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சிரிப்பு வந்துவிடும் என்று பயந்து இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்தோம். மூன்றாம் ஞாயிற்றுக்கு ஏழில் ஐந்துதான் மிஞ்சியது. பட்டுப்போன இரண்டையும் நானே எடுத்துக் குப்பைக் குழியில் போட்டேன். கள்ளத்தனம் செய்து ஜெயிக்க எனக்கு விருப்பமில்லை. தண்டுகள் நறுக்கி நறுக்கிச் சாண் அளவுக்கு வந்துவிட்டன. சாடிக்குள் கூழாங்கல் போட்டுப் பூவை உயர்த்தி வைத்தேன். மூன்றாம் பாட்டும் தமிழில்தான் ஒலித்தது.

மறுநாள் காலையில் போனால் கோயில் பூட்டிக் கிடந்தது. காலம் சரியில்லை, இனி ஞாயிறு காலையில்தான் திறப்பு என்று மாமா சாவியை மணியடிக்கிற அண்ணனிடமிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். ஜன்னல்கள் மட்டும் அகலத் திறந்து கிடந்தன. காற்று உள்ளே போய் என் பூவைக் காய்ச்சட்டும் என்று வேண்டுமென்றே திறந்து வைத்திருந்தார். நான் வீட்டுக்கு வந்து கலங்கி உட்கார்ந்துவிட்டேன். அழவும் செய்தேன். கோபம் வந்தால் எனக்குக் கண்ணீர்தான் முதலில் வரும்.

"விடு. ஒரு பூவுக்கு வேண்டியா இவ்வளவு" என்றார் என் வீட்டுக்காரர்.

"பூவுக்கு வேண்டி ஒண்ணுமில்ல, கேட்டியளா" என்றேன். "உங்களுக்க பாட்டு எனக்குக் கேக்கணும். வேற எங்கயும் கேக்க வழியில்ல."

அவர் எழுந்து கொல்லைப் பக்கம் போனார். திரும்பி வரும்போது மாங்காய் பறிக்கிற தோட்டியைக் கையில் கொண்டுவந்தார். அதன் கொக்கியில் பழைய துணி ஒன்றைச் சுற்றி, மடங்காத விரல்களோடு சிரமப்பட்டு முடிச்சுப் போட்டார்.

ஜன்னலுக்கும் பீடத்துக்கும் நடுவே ஐந்தாறு முழம் இருக்கும். வாளித் தண்ணீரில் துணியை முக்கி, தோட்டியைக் கம்பிகளுக்கு நடுவே நுழைத்து, பூவின் தலைக்கு மேலே கொண்டுபோய் ஒரு குலுக்குக் குலுக்கினால் மழை பெய்யும். காற்று உள்ளே போகத் திறந்த ஜன்னல் எனக்கு வாசலாயிற்று. இரண்டு வேளையும் இதுதான் வேலை. பாதித் தண்ணீர் பீடத்துத் துணியில் விழுந்தது, ஒரு தடவை வேதப்புத்தகமும் நனைந்தது. தேவன் மன்னிப்பார், மாமாதான் மன்னிக்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். மணியடிக்கிற அண்ணன் ஒருநாள் என்னைத் தோட்டியும் கையுமாகப் பார்த்துவிட்டார்.

"நான் ஒண்ணும் காணல்ல, கேட்டியா மக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நனைக்க முடிந்தது, அவ்வளவுதான். தண்ணீர் மாற்ற முடியவில்லை, தண்டு நறுக்க முடியவில்லை, மடலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க முடியவில்லை. நான்காம் ஞாயிறு காலை மணியடித்துக் கதவு திறந்தவுடன் ஓடினேன். சாடித் தண்ணீர் நாறியது. ஐந்தில் இரண்டு கறுத்து வளைந்து கிடந்தன, அவற்றை எடுத்துவிட்டேன். மிஞ்சிய மூன்றுக்கும் மடல் ஓரம் பழுப்பேறி, சிவப்பு மங்கி, ஒன்றுக்குத் தலையும் சாய்ந்திருந்தது. யாரும் அதைப் பார்த்து வாடவில்லை என்று சொல்ல முடியாது. என்னாலும் முடியாது. அன்று ஆராதனை முடிந்ததும் ஆண்டுக் கூட்டம். பாட்டுப் புத்தகங்களைக் கட்டுவதற்குப் பெட்டியும் கயிறும் வாசல் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

சபை நிறைந்த பிறகு மாமா எழுந்தார். கையில் மலையாளப் பிரதி இருந்தது. முறைக்காரர் செவ்வந்திப் பூவோடு பக்கத்தில் தயாராக நின்றார்.

"பூவு வாடிப்போயி" என்றார் மாமா. "வாடும் வரை என்னாணு நியமம். எடுத்து மாற்று மோளே."

"பழைய புத்தகத்தை எடுங்க மாமா" என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. "அதுல வாடும்வரைன்னு இல்ல."

"இது நின்றெ பர்த்தாவு தன்னெ எழுதியதாணு" என்று பிரதியை உயர்த்திக் காட்டினார். "பின்னே எந்தா?"

அவர் சொன்னது உண்மை. நான் வாசித்தேன், என் வீட்டுக்காரர் எழுதினார். அவரைப் பொய்யராக்கினால்தான் நான் ஜெயிக்க முடியும். சபை முழுக்க என்னைப் பார்த்தது. அப்போது ஆண்கள் பக்கத்தில் ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். பாட்டுக்கு அல்லாமல் அவர் அந்தக் கோயிலில் வாய் திறந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

"பிழை எனக்கது ஆக்கும்" என்றார். "பழைய புத்தகத்துல பட்டுப்போகும்வரைன்னு உண்டு. இவ அப்படித்தான் வாசிச்சா. எழுதும்ப விரல் வலிச்சுது. சின்ன வார்த்தையாட்டுப் போட்டுட்டேன்."

மடங்காத இரண்டு விரல்களையும் அவர் மறைக்கவில்லை. அந்தக் கையை எல்லாரும் பார்த்தார்கள். மாமாவும் பார்த்தார். போதகர் மணியடிக்கிற அண்ணனை அனுப்பிப் பழைய புத்தகத்தை எடுத்துவரச் சொல்லி, அந்தப் பக்கத்தைத் தானே எழுத்துக்கூட்டி வாசித்தார். பட்டுப்போகும்வரை என்றுதான் இருந்தது.

"வாடினா என்ன, பட்டுப்போனா என்ன? ரெண்டும் ஒண்ணுதானே" என்றார் மாமா. கோபத்தில் தமிழில் சொல்லிவிட்டார்.

அந்தக் கூட்டத்தில் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. எங்கள் சபையில் முக்கால்வாசிப் பேர் மரவள்ளி, எங்கள் பேச்சில் மரச்சீனி, நடுகிறவர்கள். கிழங்கு பறித்த பின் கம்பை மரநிழலில் சாத்தி வைப்பார்கள். அது வாடும், சுருங்கும், கறுக்கும். நடுகிற நாளில் நகத்தால் கீறிப் பார்ப்பார்கள். பால் வந்தால் நடுவார்கள், வராவிட்டால்தான் பட்டுப்போச்சு என்று அடுப்புக்குப் போடுவார்கள். வாடுவதும் பட்டுப்போவதும் ஒன்று என்று அங்கே ஒரு பிள்ளைகூடச் சொல்லாது. பெண்கள் பக்கத்துப் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "செக்ரட்டரி விளையில கம்பு நட்டு வருசம் கொஞ்சம் ஆவுது போல" என்று ஒருத்தி சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

நான் சாடியருகே போய், தலை சாய்ந்திருந்த பூவைக் கையில் எடுத்தேன். இதைக் கீறிக் காட்டினால் பால் வராதே என்ற பயத்தோடு மடலை விலக்கினேன். உள்ளே பச்சையாக ஒரு முளை நின்றது. விரல் நீளம், இரண்டு இலை, அடியில் வெள்ளை வேர்கூட விட்டிருந்தது. வழக்கமாக நான் கண்டவுடன் கிள்ளி எறிகிற சனியன். அந்த ஒரு வாரம் கோயிலைப் பூட்டி வைத்ததால் என் கைக்குத் தப்பி வளர்ந்திருக்கிறது. மாமா பூட்டாமல் இருந்திருந்தால் அது இருந்திருக்காது.

பூவை எடுத்துக்கொண்டு பெஞ்சு பெஞ்சாக நடந்தேன். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். சிலர் முளையைத் தொட்டுப் பார்த்தார்கள். கடைசியில் மாமா முன்னால் கொண்டுபோய் நீட்டினேன்.

"பட்டுப்போன பூவுல முளை வருமா மாமா?" என்று கேட்டேன்.

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பட்டுப்போகல்ல. முதல் பாட்டு எது அம்மா?" என்று கேட்டார். நான் எண்ணைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் நின்ற இடத்திலிருந்தே தொடங்கினார். அன்று அவர் குரலுக்கு ஓடு அதிர்ந்தது என்று சொன்னால் பெருமை பேசுகிறேன் என்பீர்கள். பேசுகிறேன்தான். வாசலில் இருந்த பெட்டியை ஆராதனை முடிந்ததும் யாரோ ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். புத்தகங்கள் பெஞ்சிலேயே இருந்தன.

அடுத்த ஆண்டு, பீடத்தில் பங்களா இஞ்சி வைக்கக் கூடாது என்று கமிட்டி புதிதாக ஒரு தீர்மானம் போட்டது. அதற்குள் முளை கேட்டு வாங்கிப் போனவர்களின் வீட்டிலெல்லாம் அது குத்தாகப் பூத்துவிட்டது. தீர்மானம் எழுதிய கமிட்டிக்காரர் வீட்டிலும் ஒரு குத்து நின்றதை நானே பார்த்தேன். ஆனால் என் கதை அந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது.

கூட்டம் கலைந்த பிறகு, பிரதியில் பிழையைத் திருத்த மாமா மேசையில் உட்கார்ந்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். வாடும் என்ற வார்த்தையை அடித்துவிட்டு, மேலே மலையாள எழுத்தில் ஆரம்பித்தார்.

"அப்படி இல்ல மாமா" என்றேன். "பழைய புத்தகத்துல எப்படி உண்டோ அப்படியே போடுங்க. இல்லைன்னா மறுபடியும் ஆராவது பிழையா எழுதுவாவ."

பேனா நின்றது. மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உனக்கு இனியும் என்னதான் வேணும் மக்கா?" என்றார்.

எல்லை போட்ட பிறகு அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அன்றுதான். ஆனாலும் நான் நகரவில்லை. நின்றேன்.

அவர் மலையாளப் பக்கத்தின் நடுவே, அடித்த வார்த்தைக்கு மேலே, தமிழில் எழுதினார். பட்டுப்போகும்வரை. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த கை. எழுத்து என்னுடையதைவிட அழகாக, சாய்வில்லாமல் நின்றது. பிறகு யாரும் சொல்லாமலே புத்தகத்தை என் வீட்டுக்காரர் பக்கம் திருப்பி வைத்தார்.

என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். மடங்காத விரலால் ஒரு எழுத்தைத் தொட்டார்.

"இங்க ஒரு புள்ளி விட்டுப்போச்சு மாமா" என்றார், பள்ளிக்கூடத்துக் குரலில்.

மாமா பேனாவை எடுத்துப் புள்ளி வைத்தார்.